அண்ணி பழுது பார்த்த ஸ்டவ்

காயலான் கடை வாசலில், துருப்பிடித்த சைக்கிள் ரிம்களுக்கும் உடைந்த லாரி விளக்குகளுக்கும் நடுவே நின்றுகொண்டு, என் அண்ணி ஒரு வைஸைத் தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடித்திருந்தார். மேசையில் பொருத்தி வைத்து, வேலை செய்கிற இரும்பைக் கவ்விப் பிடிக்கப் பயன்படும் கனமான கருவி அது. ஆண்களே இடுப்போடு அணைத்துத்தான் தூக்குவார்கள். அண்ணி அதன் இரண்டு தாடைகளையும் இறுக மூடி, நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். ஜி.எஸ்.டி. ரோட்டில் போன பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் நாலடி தள்ளி, இந்த அம்மாள் யாரோ நான் யாரோ என்பதுபோல நின்றுகொண்டிருந்தேன்.

"இன்னாம்மா, ஜோசியமா பாக்குற?" என்றார் கடைக்காரர்.

"ஒரு பக்கம் தேஞ்சி கீது. வெளிச்சம் தெரியுது பாரு. இது வேணாம், அந்த மூலைல கீறத எடு," என்றார் அண்ணி.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்று எனக்கு இருந்த அதிர்ச்சி, ஒரு பெண் இரும்புக் கடையில் நின்று சாமான் பொறுக்குகிறாளே என்பது மட்டும்தான். அதைவிடப் பெரிய அதிர்ச்சிகள் இந்த உலகத்தில் உண்டு என்று எனக்கு அப்போது தெரியாது.

எழுபதுகளின் நடுப்பகுதி. செங்கல்பட்டில் ஏரிக்கரைப் பக்கம் ஒரு ஓட்டு வீட்டில் அண்ணன், அண்ணி, நான் மூவரும் குடியிருந்தோம். அண்ணன் ஒரு அரிசி மில்லில் பிட்டராக இருந்தவர். மில் பெல்ட்டில் சிக்கி வலது கையில் மூன்று விரல்கள் போயின. கூடவே வேலையும் போனது. நான் பஜாரில் ஒரு அரிசி மண்டியில் குமாஸ்தா. என் சம்பளத்தில்தான் வீடு நடந்தது என்பதில் எனக்கு ஒரு கர்வம் இருந்ததை இப்போது ஒத்துக்கொள்கிறேன். ஒரு நாள் சாப்பாடு போடும்போது அண்ணி சொன்னார்: "தம்பி, பின்னால கீற கொட்டாய காலி பண்ணிக் குடு. ஸ்டவ் ரிப்பேர் பண்ணப் போறேன்."

எனக்குப் புரை ஏறிவிட்டது. "அண்ணி, ஊரு இன்னா பேசும்?" என்றேன்.

"ஊருக்குத்தான் தெனம் ஸ்டவ் மக்கர் பண்ணுது. ரிப்பேர்காரன் ரயில் ஏறி வரவேண்டியதா கீது. பேசினா பேசட்டும், ஸ்டவ்வ எடுத்துகினு வந்து பேசட்டும்."

அண்ணன் இடது கையால் சோற்றைப் பிசைந்தபடி, "செய்யட்டுமே," என்று மட்டும் சொன்னார்.

அண்ணி பிறந்தது கோவளம். அவருடைய அப்பா அங்கே பெட்ரோமாக்ஸ் விளக்கும் ஸ்டவ்வும் பழுது பார்ப்பவர். கடலுக்குப் போகிறவர்களின் விளக்கு, மாதா கோயில் திருவிழா விளக்கு, தர்கா விளக்கு, கல்யாண ஊர்வல விளக்கு எல்லாம் அவரிடம்தான் வரும். ஐந்து பெண் பிள்ளைகள் உள்ள அந்த வீட்டில் பர்னரைக் கழற்றி மாட்டுவது கோலம் போடுவது மாதிரி எல்லோருக்கும் தெரிந்த வேலை. அவர் இறந்ததும் சாமான்களை எல்லாம் பங்காளிகள் எடைக்குப் போட்டுவிட்டார்கள். ஆகவே அண்ணி ஒவ்வொன்றாகப் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. கையில் இருந்ததோ கம்மலை விற்ற பணம்.

அதை வைத்துக்கொண்டு அவர் சாமான் சேர்த்த விதம் எனக்கு முதலில் எரிச்சலாகவும் பிறகு ஆச்சரியமாகவும் இருந்தது. எது பழையதாக இருக்கலாம், எது புதியதாகவே இருக்க வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு தெளிவு இருந்தது. சுத்தி பழையது போதும், தலை பிளக்காமல் இருந்தால் கைப்பிடியை நாமே போட்டுக்கொள்ளலாம். ஸ்பானரை வாங்குமுன் ஒரு நட்டின் மேல் மாட்டி ஆட்டிப் பார்ப்பார். வாய் விரிந்திருந்தால் திரும்பக்கூடப் பார்க்கமாட்டார். ஈயம் பற்றவைக்கிற இரும்பின் முனை செம்பு, அதற்கு வயதாகாது, ராவினால் புதிதாகிவிடும் என்று ஒன்றை அடிமாட்டு விலைக்கு எடுத்தார். ஆனால் அரம் மட்டும் பஜாரில் பெரிய கடையில், எண்ணெய்க் காகிதம் சுற்றியதைப் பிரித்துத்தான் வாங்கினார். நான், "இதோ காயலான் கடையில கூடை கூடையா அரம் கீதே," என்றதற்கு, "தேஞ்ச அரத்த சும்மா குடுத்தாலும் வேணாம் தம்பி. அது இரும்ப அறுக்காது, நம்ம கையத்தான் அறுக்கும்," என்றார்.

ஊதுவிளக்கு விஷயத்தில் எங்களுக்குள் சண்டையே வந்தது. ஸ்டவ் குழாயைச் சூடாக்கிப் பற்றவைக்க அது வேண்டும். லாரி பட்டறையில் பழைய ஊதுவிளக்கு ஒன்று மலிவாகக் கிடைத்தது. அண்ணி அதைக் கையில் வாங்கி அடியைத் தடவிப் பார்த்தார். ஓரிடத்தில் மெல்லிய நசுங்கல். உடனே திருப்பிக் கொடுத்துவிட்டார். "காத்து அடைச்சி நெருப்பு வெக்கிற சாமான் இது. யாரு கையில வுழுந்து எப்டி அடிபட்டுச்சோ. இதுல போயி காச மிச்சம் பண்ணக் கூடாது," என்றார். புதியது வாங்கப் பணம் சேரும்வரை மூன்று மாதம் கரி அடுப்பை ஊதி ஊதியே பற்றவைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் மாமல்லபுரத்துக்குப் பஸ் ஏறினோம். சிற்பிகளின் உளிகளுக்கு முனை தட்டி, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து உரமேற்றிக் கொடுக்கிற கொல்லர் ஒருவர் அங்கே இருந்தார். கல்லோடு மோதித் தேய்ந்து விரல் நீளமான உளித் துண்டுகள் அவருடைய பட்டறையில் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். அண்ணி அதில் நான்கைப் பொறுக்கி, ஒன்றைப் பர்னர் திறக்கிற சாவியாகவும் மற்றவற்றைத் துளைபோடுகிற முளைகளாகவும் அடித்துத் தரச் சொன்னார். தரையில் கரியால் படம் போட்டுக் காட்டினார். கொல்லர் படத்தைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், துருத்தியை மிதித்தார். கடையில் விற்கிற சாவி வருஷத்துக்கு இரண்டு தேயும். அந்தச் சாவி கடைசிவரை தேயவில்லை.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான கருவியை அண்ணி தானே செய்தார். ஸ்டவ்வில் எண்ணெய் ஊற்றுகிற இடத்து மூடி பழையது ஒன்றை எடுத்து, அதில் துளையிட்டு, சைக்கிள் டியூபின் வால்வை அதன் மேல் பற்றவைத்தார். அந்த மூடியை எந்த ஸ்டவ்வில் திருகினாலும் சைக்கிள் பம்பால் காற்று அடிக்கலாம். பிறகு ஸ்டவ்வைத் தண்ணீரில் அமிழ்த்த வேண்டும். எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கிருந்து குமிழி வரும். தண்ணீருக்காக அவர் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போனது, கல்யாணத்துக்குச் சீராக வந்த பித்தளை அண்டாவை. "அண்ணி, அது சீரு அண்டா!" என்று நான் கத்தினேன். "சும்மா பரண்ல குந்திகினு கீது. வேல செய்யட்டும்," என்றார்.

அண்ணன் வைஸை மேசையில் பொருத்தித் தந்தார். இரண்டு விரல்களாலும் ஒரு முழங்கையாலும் அவர் போல்ட்டை முடுக்கியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விபத்துக்குப் பிறகு அவர் முகத்தில் நான் சிரிப்பைப் பார்த்த முதல் நாள் அது.

பெண்கள் வந்தார்கள். ஆண் ரிப்பேர்காரரிடம் கணவன் மூலமாகத்தான் அனுப்ப முடியும். அண்ணியிடம் தாங்களே இடுப்பில் ஸ்டவ்வை வைத்துக்கொண்டு வரலாம். பம்பின் தோல் வாஷர் காய்ந்துபோனது, பர்னர் அடைத்தது, கால் ஆடுவது என்று வரும். எந்த வேலையானாலும் கடைசியில் அண்டாவில் அமிழ்த்திப் பார்க்காமல் அண்ணி கொடுக்கமாட்டார். பார்த்ததன் அடையாளமாக அடியில் உளி முளையால் மூன்று புள்ளி வைப்பார். மண்டியில் என்னை 'ஸ்டவ்காரி கொழுந்தன்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்கு அது அவமானமாக இருந்தது.

அந்தப் பெண் வந்தது ஒரு மத்தியானம். இருபது வயதுகூட இருக்காது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பு வைத்திருக்கிற ஒருவரின் மகள். செங்கல்பட்டில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளிக் கல்யாணம் செய்து கொடுத்து எட்டு மாதம். நான் வேலை செய்த மண்டி முதலாளியின் அண்ணன் மகன்தான் மாப்பிள்ளை. ஸ்டவ்வில் வாஷர் மட்டும்தான் போயிருந்தது. அண்ணி கால் மணி நேரத்தில் மாற்றி, அண்டாவில் பார்த்து, புள்ளி வைத்துக் கொடுத்துவிட்டார். அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை.

"அக்கா, இன்னும் கொஞ்ச நேரம் இங்கயே குந்திகினு இருக்கட்டா?"

"இருந்துட்டுப் போ," என்று அண்ணி அடுத்த ஸ்டவ்வை எடுத்தார். நான் அன்று ஜுரமென்று லீவு போட்டு வீட்டில் படுத்திருந்தேன். ஜன்னல் வழியாக அந்தப் பெண்ணைப் பார்த்தேன். சாமான்கள் மாட்டியிருந்த பலகையை ஒன்றுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் குறடு எதற்கு, அந்த அரம் எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "இதெல்லாம் நீங்களே வாங்குனீங்களா அக்கா? உங்க வூட்டுக்காரரு ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. வெயில் சாய்ந்தது. அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு, "பொழுது போவுது பாரு. வூட்டாண்ட தேடுவாங்க. போம்மா," என்றார். அவள் ஸ்டவ்வை எடுத்துக்கொண்டு போனாள்.

பத்து நாள் கழித்து மண்டியில் மூட்டை இறங்கிக்கொண்டிருந்தபோது முதலாளியின் அண்ணன் வீட்டிலிருந்து ஆள் ஓடிவந்தான். ஸ்டவ் வெடித்துவிட்டது, மருமகள் மேல் தீப்பிடித்துவிட்டது என்றான். ஆஸ்பத்திரியில் அவள் பேச்சு திரும்பாமலே மறுநாள் இறந்துபோனாள்.

நான் வீட்டுக்கு வந்து சொன்னபோது அண்ணி வைஸில் ஒரு குழாயை வைத்து ராவிக்கொண்டிருந்தார். "எந்தப் பொண்ணு?" என்றார். சொன்னேன். "எந்த ஸ்டவ்வு?" என்றார். அரம் கையிலிருந்து விழுந்தது. அவர் அதை எடுக்கக் குனியவில்லை. விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அப்போது சொன்ன வார்த்தையை இத்தனை வருஷமாகியும் திரும்ப எடுக்க முடியவில்லை: "காயலான் கடை சாமான வெச்சிகினு வேல செஞ்சா இப்டித்தான் ஆவும்னு நான் அப்பவே நெனச்சேன்."

அண்ணன் என்னை அடிக்கக் கை ஓங்கினார். அந்த இரண்டு விரல் கை காற்றிலேயே நின்றுவிட்டது.

மறுநாள் அந்தப் பெண்ணின் அப்பா வந்தார். தோளில் துண்டில்லாமல், செருப்பில்லாமல், சவுக்குத் தோப்பு மணல் காலில் ஒட்டியிருக்க எங்கள் வாசலில் நின்றார். மாப்பிள்ளை வீட்டார் அவரிடம், ஸ்டவ் பழுது பார்த்த பொம்பளைதான் காரணம், அவள்மேல் கேஸ் கொடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். "ஒத்தப் பொண்ணும்மா. கொன்னுட்டியே," என்றார். கத்தவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. அண்ணி வாசற்படியில் நின்று இரண்டு கைகளையும் கூப்பினார். தெருவே கூடி நின்று பார்த்தது. இடுப்பில் ஸ்டவ் சுமந்து வந்த அதே பெண்கள்தான்.

அண்ணி மூன்று நாள் சாப்பிடவில்லை. கொட்டகைக்குப் போய் ஒவ்வொரு சாமானாக எடுத்துப் பார்ப்பார். மூடியை அண்டாவில் வைத்துப் பார்ப்பார், பம்பை அழுத்திப் பார்ப்பார். எதிலாவது பழுது கிடைக்காதா என்று தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. கிடைத்திருந்தால் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும்.

நான்காம் நாள் காலை ஏட்டு வந்தார். நரைத்த மீசை, சைக்கிள் கேரியரில் கோணிப்பை. உள்ளே அந்த ஸ்டவ். "இது நீ ரிப்பேர் பண்ணதுதானான்னு பாத்துச் சொல்லும்மா. எழுதிக்கினு போவணும்," என்றார். அண்ணி அதைக் கையில் வாங்கவே பயந்தார். அண்ணன்தான் வாங்கி மேசைமேல் வைத்தார். திருப்பினார். அடியில் மூன்று புள்ளி.

"என்னுதுதாங்க," என்றார் அண்ணி. ஏட்டு பென்சிலை எடுத்தார். அண்ணி ஸ்டவ்வை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மெல்லக் கை நீட்டி அதன் வயிற்றைச் சுற்றித் தடவினார். ஒரு சுற்று. மறுபடியும் ஒரு சுற்று.

"ஏட்டய்யா, இது எங்க வெடிச்சிது?"

"இன்னாது?"

"வெடிச்சா கிழிஞ்சிருக்கணும். பத்தவெச்ச தையல் பிரிஞ்சிருக்கணும். ஒரு கீறல்கூட இல்லியே."

ஏட்டு குனிந்து பார்த்தார். அண்ணி அதற்குள் பம்பைத் திருகிக் கழற்றிவிட்டார். அதன் முனையில், இரண்டு வாரத்துக்கு முன் அவரே வெட்டிப் போட்ட தோல் வாஷர். அவர் அதைக் கட்டைவிரலால் அழுத்தினார். எண்ணெய்ப் பசையோடு மெத்தென்று அமுங்கியது. "இது நெருப்புல கெடந்த ஸ்டவ்வு இல்லிங்க. கெடந்திருந்தா இந்தத் தோலு கருகி சுருண்டு போயிருக்கும். காலாண்ட வெச்ச ஈயம் உருகி ஓடியிருக்கும். பாருங்க, வெச்சது வெச்சபடியே கீது." பிறகு எண்ணெய் மூடியைத் திறந்து கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. "உங்க ஆளுங்க எண்ணெய எடுத்தாங்களா?"

"நாங்க தொறக்கவே இல்ல," என்றார் ஏட்டு. அவர் குரல் மாறிவிட்டிருந்தது.

அண்ணி பம்பைத் திரும்பப் பூட்டி, தன் மூடியை மாட்டி, பர்னர் வாயை அடைத்தார். அண்ணன் சைக்கிள் பம்பை மிதித்துப் பிடித்துக்கொண்டார். அண்ணி இருபது அடி, முப்பது அடி அடித்திருப்பார். அண்டாவில் அமிழ்த்தினார். நாங்கள் நான்கு பேரும் அந்தத் தண்ணீரைச் சுற்றிக் குனிந்து நின்றோம். தண்ணீர் ஆடி அடங்கியது. அடியில் ஸ்டவ் பளபளவென்று தெரிந்தது. ஒரு குமிழிகூட வரவில்லை. எவ்வளவு நேரம் பார்த்தோம் என்று தெரியாது. முதலில் நிமிர்ந்தவர் ஏட்டுதான். அவருக்கும் கல்யாண வயதில் பெண் உண்டு என்று பின்னால் தெரிந்தது. தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "அப்ப எப்டிம்மா அந்தப் பொண்ணு…" என்று ஆரம்பித்தவர், முடிக்காமல் வெளியே போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிளம்பும்போது, தாசில்தார் விசாரணைக்கு வந்து இதையே செய்து காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஸ்டவ்வில் இருந்த எண்ணெய் எங்கே போயிருக்கும் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. தினமும் காலையில் நான் வணக்கம் சொல்கிற முதலாளியின் குடும்பத்தார். கல்யாணத்தில் எனக்கு இலை போட்டுப் பரிமாறியவர்கள். அந்த மாமியார் கையால் நான் காபி வாங்கிக் குடித்திருக்கிறேன். அன்று மாலைவரை யோசித்துவிட்டு அண்ணியிடம் போய்ச் சொன்னேன்: "ஸ்டவ்வு நல்லாத்தான் இருந்துச்சுன்னு ஏட்டு எழுதிக்கினு போயிட்டாரு. உம்மேல இருந்த பழி போச்சு. இதோட வுட்டுடு அண்ணி. தாசில்தார் விசாரணைக்கெல்லாம் போவாத. என் வேல போயிடும்."

அண்ணி கையிலிருந்த குறட்டைக் கீழே வைத்தார். "ஸ்டவ்வு சரியா இருந்துச்சு தம்பி. அந்தப் பொண்ணு சரியா இல்ல. மத்தியானம் பூரா என் எதிர்க்க குந்திகினு இருந்தா. நான் வாஷர பாத்தேன், அவள பாக்கல. பொழுது போவுது போன்னு நானே அனுப்புனேன். இப்பவும் வாய மூடிகினு இருக்கச் சொல்றியா?"

அதன் பிறகு நான் தடுக்கவில்லை. ஆனால் கூடவும் போகவில்லை. அண்ணன்தான் அண்டாவைத் தலையில் தூக்கிக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு அண்ணியோடு போனார். நான் மண்டியிலிருந்து அதைப் பார்த்தேன். பஜார் நடுவே இரண்டு விரல் கையால் அண்டாவைப் பிடித்தபடி அண்ணன், பின்னால் பையில் பம்பும் மூடியும் ஒரு பாட்டில் மண்ணெண்ணெயுமாக அண்ணி. கல்லாவில் இருந்த முதலாளியும் பார்த்தார். நான் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து அவர்கள் பின்னால் நடந்தேன். என்ன தைரியத்தில் எழுந்தேன் என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அந்த அறையில் தாசில்தார், ஏட்டு, மாப்பிள்ளை, அவனுடைய அம்மா, ஒரு பக்கம் பெண்ணின் அப்பா. ஏட்டு கொண்டுவந்திருந்த அந்த ஸ்டவ்வை அண்ணி அண்டாவில் அமிழ்த்திக் காட்டினார். குமிழி வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார், தண்ணீரில் பார்த்தால் போதுமா, எரியும்போதுதானே வெடித்தது என்றார்கள். தாசில்தார், "எரிச்சுக் காட்ட முடியுமாம்மா?" என்று கேட்டார்.

அண்ணி பெண்ணின் அப்பாவைப் பார்த்தார். "முடியுங்க. ஆனா வேணாங்க. பெத்தவரு நிக்கிறாரு."

சுவரோரம் நின்றிருந்த அந்த மனிதர் முதல் முறையாக வாயைத் திறந்தார். "ஏத்தும்மா. நான் பாக்கணும்."

அண்ணி எண்ணெய் ஊற்றினார். பர்னரைச் சூடாக்கினார். பம்பை நாலு முறை அழுத்தித் தீக்குச்சியைக் காட்டினார். வெடித்து ஒரு பெண்ணைக் கொன்றதாகச் சொன்ன அந்த ஸ்டவ், ஒரு படபடப்பும் இல்லாமல், நீல நிறத்தில், வட்டமாக, சீராக எரிந்தது. அதன் சத்தம் அந்த அறையை நிறைத்தது. தாசில்தார் கையிலிருந்த பேனா எழுதாமல் நின்றது. பெண்ணின் அப்பா அந்தத் தீயைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை கீழே பார்த்தான். அவன் அம்மா, "போதும், அணைங்க, அணைச்சிடுங்க," என்று வீறிட்டாள். அண்ணி அணைக்கவில்லை. தாசில்தார் சொன்ன பிறகுதான் காற்றைத் திறந்துவிட்டார்.

மாப்பிள்ளை வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தி அன்று சாயந்திரமே ஏட்டைத் தேடிப் போனாள். அலறல் கேட்டு ஓடியபோது சமையல்கட்டுக் கதவு வெளிப்புறம் தாழிட்டிருந்தது, தான்தான் திறந்தேன் என்றாள். அதுவரை பயத்தில் சொல்லாமல் இருந்திருக்கிறாள். வழக்கு இழுத்துக்கொண்டு போனது. கடைசியில் மகனுக்குத் தண்டனை கிடைத்தது. சாட்சி போதவில்லை என்று தாயை விட்டுவிட்டார்கள். அவள் அதே தெருவில்தான் வெகுகாலம் இருந்தாள். மண்டியில் என் இடத்தில் மறுநாளே வேறொருவன் உட்கார்ந்திருந்தான். ஆறு மாதம் வேலையில்லாமல் இருந்தேன். அண்ணியின் கொட்டகைதான் எங்கள் மூவருக்கும் சோறு போட்டது. அந்தச் சோற்றைச் சாப்பிட எனக்குக் கூச்சமாக இருந்தது. அண்ணி ஒருநாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் சொன்ன காயலான் கடை வார்த்தையையும் எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம்.

இதற்கெல்லாம் பிறகு நடந்ததுதான் என்னை அதிகமாக உலுக்கியது. பழுதே இல்லாத ஸ்டவ்கள் வர ஆரம்பித்தன. கேளம்பாக்கத்திலிருந்து, கூடுவாஞ்சேரியிலிருந்து, பெயர் தெரியாத ஊர்களிலிருந்து, கல்யாணம் நிச்சயமான பெண்களின் அப்பாக்கள், கடை அட்டைப்பெட்டி பிரிக்காத புது ஸ்டவ்வைக் கொண்டுவந்து அண்ணி முன்னால் வைத்தார்கள். என்ன வேலை என்று கேட்டால் தயங்குவார்கள். "ஒண்ணுமில்லம்மா. நல்லா கீதான்னு பாத்து, நீ வெக்கிற அந்தப் புள்ளிய வெச்சிக் குடு," என்பார்கள். முதல் ஸ்டவ் அப்படி வந்தபோது அதன் அர்த்தம் புரிய எனக்குச் சிறிது நேரம் ஆனது. நாளைக்கு ஸ்டவ் வெடித்தது என்று யாரும் சொல்ல முடியாதபடி அந்தப் புள்ளியைக் கேட்கிறார்கள் என்று புரிந்ததும் எழுந்து ஏரிக்கரைக்குப் போய்விட்டேன்.

அண்ணி புள்ளி வைத்துக் கொடுப்பார். காசு வாங்கமாட்டார். ஆனால் ஒவ்வொரு அப்பாவையும் நிறுத்தி ஒன்று கேட்பார்: "ஸ்டவ்வ நான் பாத்துட்டேன். பொண்ணு ஒரு நாளு திரும்பி வந்து நின்னா, ஏன் வந்தன்னு கேக்காம கதவ தொறப்பீங்களா?"

பாதிப் பேர் கோபித்துக்கொண்டார்கள். அபசகுனமாகப் பேசுகிறாள் என்றார்கள். சிலர் ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். செத்துப்போன பெண் ஒரு முறை தாய்வீட்டுக்கு வந்து நான்கு நாள் இருந்ததும், அவள் அப்பா சமாதானம் சொல்லி அவரே பஸ் ஏற்றி அனுப்பியதும் வழக்கில் வெளிவந்திருந்தது. அண்ணி அந்தக் கேள்வியைக் கேட்டபோதெல்லாம் அவரையும் தன்னையும் சேர்த்தே நினைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

அண்ணி போய்ப் பத்து வருஷமாகிறது. அண்ணன் அதற்கு முன்பே போய்விட்டார். இன்று எந்த வீட்டிலும் பம்ப் ஸ்டவ் இல்லை. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை என் மகள் போன் செய்தாள். கல்யாணமாகி மூன்று வருஷம், சேலத்தில் இருக்கிறாள். "அப்பா, நாளைக்கு வூட்டுக்கு வரட்டுமா?" என்றாள். குரலில் ஒன்றும் இல்லை. எப்போதும் பேசுகிற குரல்தான். இருந்தாலும் நான் எழுந்து நின்றுவிட்டேன். ஏன் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"எந்த பஸ்?" என்று கேட்டேன்.

மறுநாள் இரண்டு மணி நேரம் முன்னதாகவே பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். அவள் இறங்கி, என்னைப் பார்த்துச் சிரித்து, ஆபீசில் நாலு நாள் லீவு கொடுத்திருக்கிறார்கள், அதற்கு ஏன் இப்படி வெயிலில் வந்து நிற்கிறாய் என்று திட்டினாள். நான் அவள் பையை வாங்கிக்கொண்டேன்.